எல்லாக் கேள்விக்கும் சிரிக்கிற முகம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தங்கையும் நலம். வழக்கம்போல அப்பாவையும் சேர்த்து ஒரே வரியில் எல்லோரும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நீ நலமா? பேச்சுக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். ஏன் என்பது கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, அதனால் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையணைக்கு அடியில் சொருகிவிடாதே. உட்கார்ந்து, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, முழுக்கப் படி.

போன் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் இந்த வேலை என்று நினைப்பாய். நீ போனை எடுத்தாலே பக்கத்துக் கட்டில்காரன் "அம்மாவா, நான் கேட்டேன்னு சொல்லுடா" என்று குரல் கொடுக்கிறான், நல்ல பிள்ளைதான், ஆனால் நான் சொல்லப்போவது அவன் காதில் விழக் கூடாது. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது, நமக்கு இருப்பது ஒரே அறை, வாசலுக்கு வெளியே மாடிப்படி, அதில் வீட்டுக்காரம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் காகிதம். கம்பெனியில் என் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிற அக்காவின் மருமகன் நாளைக்கு விமானம் ஏறுகிறார், நீ இருக்கும் ஊருக்குத்தான், உன் கையிலேயே கொடுப்பார். பசை தடவி ஒட்டியிருக்கிறேன், பிரித்து ஒட்டின மாதிரி இருந்தால் சொல்லு, அந்த அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாயே, அதைச் சொல்கிறேன். அப்பாவுக்குப் போனில் சத்தத்தைக் குறைக்கத் தெரியாது. "ஏம்ப்பா, மாத்திரைய முழுங்கறதுக்குக்கூட ஒங்களுக்கு ஆள் வெச்சு ஊட்டணுமா? சும்மா குடுக்கறாங்க, வாங்கிப் போட்டுக்க என்ன கேடு? நான் இங்க மூட்டை தூக்கறது யாருக்காக? அந்த சிஸ்டர் எனக்குப் போன் பண்ணி ஒங்கப்பா ஓடிட்டாருன்னு சொல்லுது, எனக்கு அசிங்கமா இருக்கு" என்று உன் குரல் அறை முழுக்கக் கேட்டது. வீட்டுக்காரம்மா படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். எந்த மாத்திரை என்று கேட்டாள். சத்து மாத்திரை என்றேன். சத்து மாத்திரைக்கா பிள்ளை இந்தக் கத்துக் கத்துகிறான் என்று சிரித்தாள். அப்பா அதை மறுபடியும் போட்டுக் கேட்டார், அப்புறம் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். போதும், எத்தனை தடவை திட்டு வாங்குவீர்கள் என்று நான் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மாத்திரை கொடுக்கிற மையத்தில் உன் நம்பரையும் எழுதி வைத்திருந்ததால் அந்த சிஸ்டர் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரு வரி. மீதியைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதனை அசிங்கம் என்று சொல்லிவிட்டாய். அந்த மீதியை இப்போது கேள்.

அவர் இருமலை நாம் எல்லோரும் ஓட்டல் அடுப்புப் புகை என்றுதானே சொன்னோம். நீ லீவில் வந்திருந்தபோதே இருமிக்கொண்டுதான் இருந்தார், நீதான் மருந்துக்கடையில் இரண்டு பாட்டில் வாங்கி வைத்துவிட்டுப் போனாய். நீ போனபின் உடம்பு கரைய ஆரம்பித்தது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஒரு நாள் கைக்குட்டையில் இரத்தம் வந்தது. டி.பி. என்று சொன்ன பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷி. கதவைச் சாத்திவிட்டு, உட்காரவைத்து, கொஞ்ச வாரம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அடுத்தவருக்கு ஒட்டாது, அதற்குப் பிறகு வேலைக்குப் போகலாம், ஆறு மாதம் விடாமல் போட்டால் முழுக்கப் போய்விடும் என்று சொன்னார். அப்பா குடல்புண் என்று முதலாளியிடம் சொல்லி லீவு எடுத்தார், டாக்டர் சரி என்ற பிறகுதான் திரும்ப வேலைக்குப் போனார். ஒரு நாள்கூட முன்னதாகப் போகவில்லை, இதை நீ நம்ப வேண்டும். மேசைக்கு மேசை தட்டு வைக்கிற ஆளுக்கு இந்த வியாதி வந்திருக்கிறது என்று ஒருவன் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் பொய் சொன்னோம். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மாத்திரை வாங்கும் இடம் பெரிய ஆஸ்பத்திரி இல்லை, நம் கடைத்தெரு முனையில் இருக்கிற சுகாதார மையம். அதன் வாசல் வழியாகப் போகக்கூட விடமாட்டார்கள். பக்கச் சுவரில், சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தபடி ஒரு ஜன்னல், மேலே எட்ட இருந்து படிக்கிற அளவுக்குக் கொட்டை எழுத்தில் காசநோய் என்று பலகை. ஜன்னலுக்கு உள்ளே மின்விசிறி, வெளியே வரிசை, வரிசைக்குப் பின்னால் பஸ் போகிற ரோடு. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பமாட்டார்கள், அங்கேயே அவர்கள் கண்முன் முழுங்க வேண்டும். ஜன்னலில் நிற்கிற பெண், உன் தங்கை வயதுதான் இருக்கும், முகமூடிக்கு மேல் இரண்டு கண் மட்டும் தெரியும், "முழுங்கியாச்சா, வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க, ம், அடுத்தது" என்று கத்துவாள். உன் அப்பா தெருவில் நின்று நாக்கைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அந்த வரிசையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிற்கிற ஒருவர் உண்டு, வண்டியே கிடையாது அவருக்கு, மூஞ்சியை மறைக்க மட்டும் ஹெல்மெட். மாத்திரை கைக்கு வந்ததும் கண்ணாடியைத் தூக்கி, முழுங்கி, கண்ணாடியை இறக்கிவிடுவாராம். அப்பா ஆரம்பத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஜன்னல் திறக்கிற நேரம் ஓட்டலில் காலைக் கூட்டம், கூட்டம் குறைகிற நேரத்தில் ஜன்னல் சாத்திவிடும், ஏனென்றால் உனக்குப் போன் செய்த அந்த சிஸ்டர், ஜன்னல்காரப் பெண்ணுக்கு மேலே இருப்பவள், இன்னொரு மையத்துக்குப் போக வேண்டும். அதனால் தினமும் கூட்டத்துக்கு நடுவில், பாத்ரூம் போகிறேன் என்று பின்வாசலால் இறங்கி, யூனிபார்ம் சட்டைக்குமேல் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு, திரும்ப வந்து சிரித்த முகமாக ஆர்டர் எடுப்பார். சும்மா கொடுக்கிறார்கள் என்று சொன்னாயே, அந்தச் சும்மா இதுதான்.

இப்படியும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தார். போன மாதம் ஒரு நாள், அந்த வரிசைக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் வந்தார்கள், கழுத்தில் அட்டை, கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப். சிகிச்சை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா என்று நோயாளிகளிடம் கேட்டுப் போக வந்தவர்கள். டேப்பில் ஐந்து முகம் இருக்குமாம், ஒரு பக்கம் அழுகிற முகம், கடைசியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம், ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றை அமுக்க வேண்டும். உள்ளே கூட்டிப் போய்க் கேட்டிருக்கலாம், இல்லை, அதே ரோட்டில், அதே வரிசையில் நிறுத்திக் கேட்டார்கள். சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்று டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கும் நேரம் எப்படி, ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொள்கிறார்களா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "ஒங்க அந்தரங்கம் பாதுகாக்கப்படுதாங்க சார்?" என்று கேட்டாளாம். அப்பாவுக்குப் புரியவில்லை. பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் குரலை உயர்த்தி, "அதாவது சார், ஒங்களுக்கு டி.பி. இருக்குங்கறது வேற யாருக்கும் தெரியாமப் பாத்துக்கறாங்களா?" என்று விளக்கினாள். நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. நட்ட நடு ரோட்டில் நின்று சத்தமாக இதைக் கேட்டாள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? சிரிக்கிற முகத்தை அமுக்கினார். எல்லாக் கேள்விக்கும் அதையே அமுக்கியிருக்கிறார். "ரொம்பத் திருப்திங்க" என்று வாயாலும் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓட்டலுக்கு முட்டை கொண்டுவந்து போடுகிறவரின் வண்டி, அந்தக் கேள்வி அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை அப்பா சட்டையை மாற்றுவதற்குள் முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்தாராம். "அண்ணே, நீங்க நம்ம ஆளு, மனசுல வெச்சுக்காதீங்க. கஸ்டமர் காதுக்குப் போச்சுன்னா நான் கடைய இழுத்து மூட வேண்டியதுதான். ஒடம்பு முழுசா நல்லானதும் வாங்க, பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம், எட்ட நின்று. இப்போது ஒட்டாது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் ஒரு லெட்டர் வாங்கி வாருங்கள் என்றார் முதலாளி. மையத்தில் கேட்டால் அப்படி லெட்டர் கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார்கள். ஓட்டலில் அவரோடு பல வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட நெட்டை இருக்கிறானே, உன் தோளில் கைபோட்டு மாப்பிள்ளை என்று கூப்பிடுவானே, அவன் அப்பா டீ குடித்து வைத்த கிளாஸை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டானாம். முதலாளி சொன்னதை அப்பா இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார், அந்தக் கிளாஸைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் அந்தத் தெருவை இரண்டாக்கியிருப்பேன், அதனாலேயே சொல்லவில்லை. காலையில் கிளம்புவார், மாலையில் வருவார், வேலைக்குப் போகிறார் என்று நானும் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். மாத்திரை ஜன்னலுக்குப் போக வேண்டுமென்றால் ஓட்டல் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த வாசலில் நெட்டை நிற்பான், அதனால் ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. போன சனிக்கிழமை துணி துவைக்கும்போதுதான் எனக்குத் தட்டியது. அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், வியர்வைகூட நிறமாக வரும், அப்பாவின் பனியன் அக்குளில் ஆரஞ்சுக் கறை படிந்துகொண்டே இருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் நான் திட்டிக்கொண்டே தேய்ப்பேன். சனிக்கிழமை பார்த்தால் புதுப் பனியன் இரண்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கின்றன. ஈரக் கையோடு இரண்டையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். கேட்டேன், மழுப்பினார். மறுநாள் உன் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து பிடுங்கினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நான் மையத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் போகவில்லை, வாசல் வழியாகவே போனேன். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் "வாங்கம்மா, ஒங்க வீட்டுக்காரரு பாதியில விட்டுட்டாரே, இப்படிப் பண்ணா எங்க பேருல்ல கெடும்" என்றாள். அவர் ஏன் விட்டார் என்று கேட்டீர்களா என்றேன். இங்கே எதிலாவது குறை இருந்தால்தானே கேட்பதற்கு என்று சுவரைக் காட்டினாள். கலரில் ஒரு பெரிய தாள், சிரிக்கிற முகம் வரைந்து, நோயாளிகள் திருப்தி தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று போட்டு ஒட்டியிருக்கிறார்கள், நாலு மூலையிலும் பலூன் வேறு. "ஒங்க வீட்டுக்காரரே எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டாரும்மா, நான் பக்கத்துலயே நின்னேன்" என்றாள். அதுதானே தாயே பிரச்சினை, நீ பக்கத்திலேயே நின்றாய் என்று கத்தினேன். சத்தம் கேட்டு மையத்து டாக்டர் வந்தார், சின்ன வயது, நல்ல பேச்சு, உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன், நாக்கைத் தூக்கியது, முட்டை வண்டி, ஓட்டல், எல்லாம். கேட்டுவிட்டு நிதானமாக ஒன்று சொன்னார். வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக் கண்முன்னால் போடவைப்பதாக இருந்தால், வாரத்துக்கு ஒரு தடவை வந்து மொத்தமாக வாங்கிப் போகலாமாம். முதலிலிருந்தே விதி அப்படித்தானாம். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையேம்மா. இப்படியே வந்து போட்டுக்கறதுல எல்லாரும் திருப்தியாதான் இருக்காங்க, சர்வேலயும் அப்படித்தான் வந்திருக்கு" என்றார். "மிச்சம் ரெண்டு சதவீதம் யாரு டாக்டர், அவங்களையாவது கூப்பிட்டு என்னன்னு கேட்டீங்களா?" என்றேன்.

வெளியே வந்ததும் எனக்கு அடங்கவில்லை. நேராக அந்த வரிசைக்குப் போய், "வீட்டுல ஒருத்தர் பொறுப்பெடுத்தா வாரம் ஒரு தடவ வாங்கிட்டுப் போகலாமாம், உள்ள டாக்டரே சொல்றாரு, ஒங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது. ஹெல்மெட்டுக்காரர் கண்ணாடியைத் தூக்கி "நெசமாவா அக்கா?" என்றார். அரை தாடி, பாவம், சின்னப் பையன். ஜன்னல்காரப் பெண் "அம்மா, லைன்ல கலாட்டா பண்ணாதீங்க, என்னைத்தான் கேப்பாங்க" என்றாள். கேட்கட்டும் என்றேன். ஆனால் அவள் குரலில் இருந்தது திமிர் இல்லை, பயம். அதை அப்போது நான் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு ஏன் அந்தச் சிரிக்கிற மூஞ்சியை அமுக்கினீர்கள், அழுகிற மூஞ்சியும் அதே டேப்பில்தானே இருந்தது, விரலுக்கு என்ன கேடு என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பில்லு குடுக்கறப்ப ஒருத்தன் சர்வீஸ் சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னா எனக்கு அன்னைக்கு பேட்டா கட்டு, தினப்படிக் காசு போச்சு. சமையல்ல உப்பு கூடினாலும் எனக்குத்தான் கட்டு. அந்த ஜன்னல்ல நிக்கற பொண்ணு கான்ட்ராக்ட்டுதான், சம்பளமே ஒழுங்கா வரலன்னு யார்கிட்டயோ போன்ல சொல்லிட்டிருந்தா. நான் அழுவற மூஞ்சிய அமுக்கினா யாருக்கு வெட்டு விழும்? டாக்டருக்கா? சிஸ்டருக்கா? அவளுக்குத்தான. அவ என்ன வேணும்னேவா கத்தறா, கத்தச் சொல்லிருக்காங்க, கத்தறா." கேட்டுவிட்டு நான் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டேன். நாக்கைத் தூக்கச் சொன்னவளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, அதற்கு நீங்கள் சாக வேண்டுமா என்று கேட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன் பெரியவனே, அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த டேப்பில் ஜன்னலைத் திருப்பி வை என்பதற்கு ஒரு முகம் இல்லை, நேரத்தை மாற்று என்பதற்கு முகம் இல்லை, ஆள் போடு, போட்ட ஆளுக்குச் சம்பளம் கொடு என்பதற்கு முகம் இல்லை. அழுகிற முகம் ஒன்றுதான் இருக்கிறது, அதை அமுக்கினால் அடி விழுவது கடைசியில் நிற்கிற ஒருத்திக்கு. இப்படிச் செய்துவைத்துவிட்டுத் திருப்தி என்று பலூன் கட்டுகிறவர்களை என்ன செய்வது, நீயே சொல்லு.

நடுவில் விட்டுவிட்டதால் மறுபடி சளியைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மருந்து தருவார்களாம். மூடி போட்ட கப்பை என்னிடம் கொடுத்தனுப்பினார்கள், காலையில் வீட்டிலேயே எடுத்து நான் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அவர் வர வேண்டாம், ஓட்டல் வாசலைத் தாண்ட வேண்டாம். இனி என்ன என்று நினைத்தேன். நேற்றுக் காலை கப் அப்படியே ஜன்னல் விளிம்பில் இருந்தது. கொடுங்கள் என்றால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உன் தங்கை கெஞ்சினாள், நான் கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் நீ திட்டின திட்டு என்று உன்மேல்தான் எனக்கு ஆத்திரம், நேற்று முழுக்கக் கம்பெனியில் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையில் வைத்தேனா உன் முதுகில் வைத்தேனா என்று எனக்கே தெரியாது.

இன்று காலை அவரே சொன்னார். "அவன் திட்டுனது இல்லடி. பெத்த புள்ள, திட்டிட்டுப் போறான். நீ கேட்டியா, அதுல ரெண்டு எடத்துல இருமுறான்." எனக்குப் புரியவில்லை. அலமாரியிலிருந்து போனை எடுத்து மறுபடியும் போட்டுக் காட்டினார். நானும் கேட்டேன். மூட்டை தூக்குவது யாருக்காக என்று சொல்லிவிட்டு ஒரு தடவை, அசிங்கமாக இருக்கிறது என்பதற்கு முன்னால் ஒரு தடவை. தொண்டையில் வருகிற இருமல் இல்லை. அதற்காகத்தான் அவர் அன்றைக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். "லீவுல வந்தப்ப என் பக்கத்துலதான படுத்தான். நான் குடுத்துட்டேன். அவன் அங்க தனியாக் கெடந்து இருமறான், நான் இங்க தெளிஞ்சு என்ன ஆகப்போவுது" என்றார். எனக்கும் உன் தங்கைக்கும் அப்பாவுக்குக் கண்டுபிடித்தபோதே நெஞ்சுப் படம் எடுத்துவிட்டார்கள், இருவருக்கும் ஒன்றும் இல்லை. வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டார்கள், முன்னே யார் வந்து தங்கிவிட்டுப் போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அப்பாவிடம் அழவில்லை, சத்தம்தான் போட்டேன். இருமினால் எல்லாம் அதுவாகிவிடுமா, அப்படியே அதுவாக இருந்தாலும் மருந்து போட்டால் போய்விடும் என்று அவனுக்கு யார் காட்டுவது, பாதியில் படுத்துக்கொண்ட அப்பனா என்று கேட்டேன். எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, கப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போது உன் முறை. இரவில் வியர்க்கிறதா, உடம்பு இளைக்கிறதா, எத்தனை நாளாக இருமல், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்கும்போதெல்லாம் சாப்பாடு நல்லா இருக்கும்மா, ரூம் நல்லா இருக்கும்மா, நான் நல்லா இருக்கேம்மா என்பாய், நீயும் அப்பன் பிள்ளைதானே, உன் நல்லா இருக்கேனை நான் இனி நம்பமாட்டேன். உன் கம்பெனி டாக்டரிடம் முதலில் போகாதே, வெளியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போ, அப்பாவுக்கு இருந்தது, அவரோடு தங்கியிருந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லு, கேட்காவிட்டாலும் சொல்லு. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மறைக்காதே. அனுப்பினால் வா. பாய் விரிக்க இடம் இருக்கிறது, என் சம்பளம் இருக்கிறது, சண்டை போட நான் இருக்கிறேன். முடிவு தெரிகிறவரை முகமூடி போட்டுக்கொள், படுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. பக்கத்துக் கட்டில்காரனிடம் நீயே சொல்லிவிடு, அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

நீ நோய் நொடி இல்லாமல், எவன் முன்னாலும் தலை குனியாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், கோபம் இல்லை என்றும் எழுதச் சொன்னார். எனக்குக் கோபம் இருக்கிறது, அது தீர நாளாகும். ஞாபகம் வைத்துக்கொள், காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு நெஞ்சிலிருந்து சளியை இருமி எடுத்துக் கொடுக்க வேண்டும், வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வராதே, அதில் ஒன்றும் தெரியாதாம். கொடுத்துவிட்டு அப்பா நம்பருக்குப் போன் போடு. இன்னும் கொடுக்கவில்லை என்றால் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா